பெங்களூர் பால்கனியில் ஒரு காய்கறிக் கத்தி: மரப்பிடியும் கொம்புப்பிடியும் போட்டு நாமே செய்வது

கடையில் வாங்கின கத்தியில் முதலில் கெட்டுப்போவது பெரும்பாலும் அலகு இல்லை, பிடிதான். பிடிக்கும் இரும்புக்கும் நடுவில் மயிரிழை அளவு இடைவெளி விழும். அதில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் இறங்கி உள்ளே துரு ஏறும், துரு உப்பி பிடியை இன்னும் தள்ளும், ஒருநாள் ரிவெட் ஆட ஆரம்பித்துவிடும். அலகைச் சாணை பிடித்து இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம், ஆனால் பிடி ஆடுகிற கத்தியை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். அதனால், சொந்தமாகக் கத்தி செய்யணும் என்று கேட்கிற எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: இரும்பு தேடக் கிளம்பும் முன்னால் பிடிக்கான கட்டையைத் தேடிக் காயப்போடுங்கள். இரும்பைக் காசு கொடுத்து உடனே வாங்கிவிடலாம். காய்ந்த கட்டையை அப்படி வாங்க முடியாது, அதற்கு மாசக்கணக்கில் ஆகும்.

இங்கே சொல்லப்போவது 6 அங்குல அலகு உள்ள சாதாரணக் காய்கறிக் கத்தி. அலகு எந்த இரும்போ அதே இரும்பு பிடியின் கடைசி வரை வால் மாதிரி நீளும், அதன் இரண்டு பக்கமும் கட்டைத் துண்டுகளை ஒட்டிப் பித்தளை ஆணி போடுவோம். அரிவாளுக்குச் செய்கிற மாதிரி வாலைக் காய்ச்சிக் கட்டைக்குள் இறக்கிப் பூண் மாட்டுகிற முறையும் நல்ல முறைதான், ஆனால் அதற்கு உலை வேண்டும், அடுக்குமாடி பால்கனியில் உலை மூட்டினால் அசோசியேஷன் வாசலுக்கு வந்து நிற்கும். ஒட்டுகிற முறைக்கு ஒரு வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கிற இடுக்கி), இரண்டு மூன்று அரம், ஹேக்ஸா, டிரில்லிங் மெஷின், நாலு சி கிளாம்ப், நிறைய உப்புத்தாள் இருந்தால் போதும். எல்லாம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் அதை ஒட்டின சந்துகளிலும் ஒரே நடையில் கிடைக்கும்.

கட்டை

மரம் வெட்டினதற்கு அப்புறமும் சும்மா இருக்காது. காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், குறைந்தால் சுருங்கும். நீளவாக்கில் இந்த அசைவு கிட்டத்தட்ட இல்லவே இல்லை, எல்லாம் குறுக்குவாக்கில்தான். 25 மி.மீ. அகலமுள்ள பிடி ஒரு சதவீதம் சுருங்கினால் கால் மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் விரலை ஓட்டினால் இரும்பின் ஓரம் மரத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது சுருக்கென்று தெரியும். இரும்பு சுருங்காது, மரம் சுருங்கும், நடுவில் மாட்டிக்கொள்வது பசை. அரைகுறையாகக் காய்ந்த கட்டையை ஒட்டினால் பசை எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் ஒரு வருஷத்துக்குள் ஓரம் விடும்.

காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், சமையலறைத் தராசு போதும். கட்டையை 12 முதல் 15 மி.மீ. கனத்துக்குப் பலகையாக அறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நுனியிலும் ஃபெவிகாலைக் கெட்டியாகப் பூசுங்கள், ஏனென்றால் மரத்தில் ஈரம் நுனி வழியாகத்தான் வேகமாக வெளியேறும், நுனி முந்திக் காய்ந்தால் அங்கேதான் வெடிப்பு விழும். அப்புறம் நடுநடுவே குச்சி வைத்து அடுக்கி, வெயில் படாத, காற்று வருகிற இடத்தில், லாஃப்ட் மேலோ பீரோ மேலோ வைத்துவிடுங்கள். வாரம் ஒரு தடவை தராசில் நிறுத்து, எடையையும் தேதியையும் பென்சிலால் அந்தக் கட்டை மேலேயே எழுதுங்கள். எடை இறங்கிக்கொண்டே வரும், பிறகு ஒரு கட்டத்தில் நின்றுவிடும். நாலைந்து வாரம் ஒரே எண் வந்தால் அந்தக் கட்டை நம் வீட்டுக் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று அர்த்தம்.

இன்னும் துல்லியமாக வேண்டும் என்றால், அதே கட்டையிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி நிறுத்து, ஓவனில் 103 டிகிரியில் எடை இறங்குவது நிற்கும் வரை வைத்து மறுபடி நிறுங்கள். 50 கிராம் இருந்தது 45 கிராமாக வந்தால் போன ஈரம் 5 கிராம், அதை 45-ஆல் வகுத்தால் 11 சதவீதம். 8 முதல் 12-க்குள் இருந்தால் ஒட்டலாம்.

பெங்களூரில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காற்று நன்றாக உலர்ந்திருக்கும், கட்டை காயப்போட இதைவிட நல்ல காலம் கிடையாது. ஜூனில் மழை பிடித்துவிட்டால் காய்ந்த கட்டையும் கொஞ்சம் ஈரம் வாங்கும். இதை மனதில் வையுங்கள், கடைசியில் மறுபடியும் தேவைப்படும்.

எந்த மரம்? என் முதல் ஓட்டு புளியமரத்தின் வைரத்துக்கு, அதாவது நடுவில் இருக்கிற கெட்டியான பகுதிக்கு. கறிக்கடையில் வெட்டுகிற கட்டை பெரும்பாலும் புளியமரம்தான், தினம் அரிவாள் விழுந்தும் தாங்குகிறது என்றால் அதன் உறுதிக்கு வேறு அத்தாட்சி வேண்டாம். வைரம் கறுஞ்சிவப்பாக, ரேகைகள் குழம்பிப்போய் அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் வைரத்தைச் சுற்றி இருக்கிற வெளுத்த பகுதியை எடுக்காதீர்கள், அதில் மாவுச்சத்து இருப்பதால் துளைவண்டு வரும், சின்னச் சின்ன ஓட்டையும் அதன் கீழே மெல்லிய பொடியும் கண்டால் அந்தக் கட்டையை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

பூவரசு, கருவேலம் இரண்டும் நம் ஊரில் ஏருக்கும் வண்டிக்கும் கருவிப் பிடிக்கும் காலகாலமாகப் போட்டுவந்தவை, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வாகையும் நன்றாக இருக்கும். தேக்கு அவ்வளவாக அசையாது, ஈரத்துக்குப் பயப்படாது, ஆனால் அதில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுகிற முகத்தை அசிட்டோனில் துடைத்து உடனே ஒட்டவில்லை என்றால் பசை பிடிக்காது. பலாமரம் புதிதாக மஞ்சளாக இருந்து போகப்போகத் தேன் நிறத்துக்கு வரும், கொஞ்சம் மென்மையானது, லேசான கத்திக்குப் பரவாயில்லை. மாமரம் வேண்டாம்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஒரு தனி வசதி காபிக் கட்டை. குடகு, சிக்கமகளூர் தோட்டங்களில் வயசான செடிகளைப் பிடுங்கும்போது கிடைக்கும் தண்டு வெளுப்பாக, நெருக்கமாக, நல்ல கனமாக இருக்கும். பருமன் சின்னது, காயும்போது வெடிக்கிற சுபாவம் வேறு, அதனால் நுனிக்குப் பூச்சு கண்டிப்பாக வேண்டும், நடுக்குருத்தை ஒதுக்கி இரண்டாகப் பிளந்து காயவிட வேண்டும். அந்தப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்கிற, அல்லது வீடு இருக்கிற யாராவது தெரிந்திருந்தால் கேட்டுப் பாருங்கள். மைசூர் ரோடு டிம்பர் யார்டு லே அவுட் பக்கம் அறுப்பு மில்களிலும், ஃபர்னிச்சர் செய்கிற ஆசாரிகளிடமும் வெட்டுத் துண்டுகள் கிடைக்கும். ஒரு பிடிக்கு வேண்டியது உள்ளங்கை நீளத் துண்டுதான், அவர்களுக்கு அது விறகு.

ஆனால் எல்லாவற்றையும் விட நல்ல கட்டை ஊரில் உங்கள் வீட்டுப் பரணிலேயே கிடக்கலாம். உடைந்த உலக்கை, பழைய கட்டில் கால், நிலைப்படித் துண்டு, ஏர், வண்டி நுகத்தடி. ஐம்பது வருஷம் காய்ந்த கட்டை, பச்சைக் கட்டை மாதிரி அது எங்கே சுருங்கப் போகிறது? கிருஷ்ணகிரியோ திருநெல்வேலியோ, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது விறகாகப் போவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அறுப்பதற்கு முன் காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள், உள்ளே பழைய ஆணி இருந்தால் ரம்பம் போய்விடும்.

பலகையை அறுக்கும்போது நுனியைப் பாருங்கள். வருட வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கிற மாதிரி அறுத்தால், வளையம் படுத்திருக்கிற பலகையைவிட ஏறக்குறைய பாதி அளவுதான் அகலத்தில் அசையும். ரேகை அழகு கொஞ்சம் குறையும்தான். சமையலறைக் கத்திக்கு நான் எப்போதும் அசையாத பலகையைத்தான் எடுப்பேன்.

ஈட்டி மரம், அதாவது தோதகத்தி, பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ரசீது இல்லாமல் எடுக்காதீர்கள், அல்லது பழைய மரச்சாமான் உடைந்ததிலிருந்து எடுங்கள். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சுத் தொந்தரவும் கொடுக்கும். சந்தனம், செம்மரம் பக்கமே போகவேண்டாம். கருங்காலி என்று சொல்லி விற்பதில் சாயம் ஏற்றின கட்டை நிறைய, குறுக்கே அறுத்துப் பாருங்கள், உள்ளே வெளுத்திருந்தால் அது கருங்காலி இல்லை.

கொம்பு வேண்டும் என்றால் எருமைக்கொம்பு. உத்தரப் பிரதேசத்தில் சம்பல் என்கிற ஊர் கொம்பு வேலைக்கும் எலும்பு வேலைக்கும் பேர்போனது, பட்டை போட்ட கொம்புத் துண்டுகள் அங்கிருந்து வருகின்றன. கொம்பின் அடிப்பக்கம் குழல், நுனிப்பக்கம்தான் கெட்டி, நுனியைக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக்கா கொம்பா என்று சந்தேகம் வந்தால் ஊசியைக் காய்ச்சி மறைவான இடத்தில் தொடுங்கள், முடி கருகுகிற வாடை வந்தால் கொம்பு. வளைந்த துண்டைக் கொதிநீரில் போட்டு இளக்கி இரண்டு இரும்புப் பட்டைக்கு நடுவில் நெருக்கி, முழுக்க ஆறும் வரை விட்டால் தட்டையாகும். அதற்கப்புறம் கட்டை மாதிரியே வாரக்கணக்கில் காயவிடணும். கொம்பு வழவழப்பாக, கறுப்பாக, கைக்கு இதமாக இருக்கும், ஆனால் தண்ணீரில் ஊறப்போட்டால் ஏடு ஏடாகப் பிரியும். தினம் ஈரத்தில் புழங்குகிற சமையலறைக்கு என் சிபாரிசு மரம்தான், பழம் நறுக்க ஒரு சின்னக் கத்தி செய்தால் கொம்பு போடுங்கள்.

மான் கொம்பு, யானைத் தந்தம் இரண்டும் கூடாது. காட்டில் தானாக உதிர்ந்த மான் கொம்பு என்று சொல்லி விற்பார்கள், உதிர்ந்ததாக இருந்தாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்குவதும் விற்பதும் குற்றம்.

இரும்பு

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஓ.எச்.என்.எஸ். என்று கேளுங்கள், அச்சுகளும் பிரஸ் டூல்களும் செய்கிற எஃகு, பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் டூல் ஸ்டீல் விற்கிற கடைகளில் பட்டையாகவே கிடைக்கும். 3 மி.மீ. கனம், 40 மி.மீ. அகலம், 300 மி.மீ. நீளம் இருந்தால் ஒரு கத்தி. இது துருப்பிடிக்கிற எஃகு, ஆனால் கூர் நன்றாக ஏறும், நன்றாக நிற்கும். லாரி பட்டா ஸ்பிரிங்கில் செய்யலாமே என்று கேட்பார்கள். அரிவாளுக்கு அது சரியான இரும்பு, கொல்லர்கள் அதைத்தான் அடிக்கிறார்கள். நமக்கு அது கனம் அதிகம், அடித்து மெலிய வைக்க உலை வேண்டும், அதோடு லாரியில் வருஷக்கணக்கில் குலுங்கினதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைக்கிற பழைய இரும்பும் அப்படித்தான், என்ன இரும்பு என்று தெரியாததை எந்தச் சூட்டில் பதப்படுத்துவது?

கத்தியின் வடிவத்தை அட்டையில் வெட்டி, வீட்டில் பலகை மேல் வைத்துப் பிடித்துப் பாருங்கள், விரல் முட்டி பலகையில் இடித்தால் அலகின் உயரம் போதாது. அதை இரும்பில் ஒட்டி மார்க்கரால் வரைந்து ஹேக்ஸாவில் அறுத்து, அரத்தால் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். நெற்றி வேர்க்கிற வேலை, ஆனால் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும்.

வாய்ப்பக்கம், அதாவது வெட்டுகிற ஓரத்தில், சரிவு எடுப்பதற்கு முன் நடுக்கோடு போடணும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. இரும்பு 3 மி.மீ. என்றால் 3 மி.மீ. டிரில் பிட்டை எடுத்து, இரும்பையும் பிட்டையும் ஒரே சமதளத்தில் படுக்கவைத்து, பிட்டின் கூர்முனையால் இரும்பின் ஓரத்தில் நெடுக ஒரு கீறு. முனை சரியாக நடுவில் இருப்பதால் கோடும் நடுவில் விழும். ஓரத்தில் முதலிலேயே மார்க்கர் மை பூசியிருந்தால் வெள்ளிக்கோடு மாதிரி பளிச்சென்று தெரியும். இரும்பைத் திருப்பிப்போட்டு இன்னொரு கீறு கீறுங்கள், இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் சரி, கொஞ்சம் விலகியிருந்தால் அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட இடம்தான் நடு. இரண்டு பக்கமிருந்தும் அந்தக் கோட்டை நோக்கி அராவிக்கொண்டே வாருங்கள், ஒரு பக்கம் பத்து இழுப்பு என்றால் மறுபக்கமும் பத்து. வாய் 0.7 மி.மீ. வரும்போது நிறுத்திவிடுங்கள். இப்போதே மெலிதாக்கினால் பதப்படுத்தும்போது அலை அலையாக வளைந்துவிடும்.

வாலில் ஓட்டைகளையும் இப்போதே போடணும், பதமேறின எஃகில் சாதாரண பிட் இறங்காது. 5 மி.மீ. பித்தளை ஆணிக்கு 5.2-இல் இரண்டோ மூன்றோ ஓட்டை. கூடவே நடுவில் இன்னும் நாலைந்து ஓட்டை சும்மா போட்டு வையுங்கள், பிடியின் எடை குறையும், பசையும் அதன் வழியாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைகோத்துக்கொள்ளும். டிரில் பண்ணும்போது கையுறை போடாதீர்கள், துணியைச் சுற்றி இழுத்துவிடும்.

துவைச்சலை, அதாவது இரும்பைக் காய்ச்சி எண்ணெயில் முக்கிப் பதமேற்றுவதை, வீட்டில் செய்யவேண்டாம் என்பது என் கருத்து. ஓ.எச்.என்.எஸ். 800 டிகிரி பக்கம் சூடேறி, அந்தச் சூட்டிலேயே சற்று நேரம் நின்று, அப்புறம்தான் எண்ணெயில் இறங்கணும். காந்தம் ஒட்டாமல் போகும் சூடு சுமார் 770 டிகிரி, அதை மட்டும் பார்த்துக் கரி அடுப்பில் இந்த எஃகைச் சரியாகப் பிடிப்பது கஷ்டம். பீன்யாவில் ஹீட் ட்ரீட்மென்ட் செய்கிற பட்டறைகள் நிறைய, மற்றவர்களுடைய அச்சுகளோடு (பட்டறைப் பேச்சில் ‘டை’) சேர்த்து நம் கத்தியையும் போட்டுத் தருவார்கள். தனியாக ஒரு கத்தி என்றால் யோசிப்பார்கள், நண்பர்களோடு சேர்ந்து நாலைந்தாகக் கொண்டுபோனால் சுலபம். எஃகின் பெயரைச் சொல்லுங்கள், கடினம் ராக்வெல் சி அளவில் 59 முதல் 60 வேண்டும் என்று சொல்லுங்கள், படுக்கவைக்காமல் தொங்கவிட்டுப் போடச் சொல்லுங்கள், படுத்தால் வளையும். “அண்ணா, இது மெல்லிசு, டைகூடச் சேர்த்து ஒரே நேரம் வெச்சிடாதீங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவது நல்லது. கூர் இல்லாவிட்டாலும் பார்வைக்கு அது கத்திதான், மெட்ரோவில் பை ஸ்கேனரில் போகும், அதனால் அட்டையில் சுற்றி வண்டியிலேயே கொண்டுபோங்கள்.

திரும்பி வந்ததும் அரத்தை லேசாக ஓட்டிப் பாருங்கள், கடிக்காமல் வழுக்கினால் பதம் ஏறியிருக்கிறது. மேலே படிந்த கறுப்பை உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுத்து, வாயை 0.3 மி.மீ. பக்கம் கொண்டுவாருங்கள். மெஷினில் தேய்த்தால் வெறும் விரலால் பிடியுங்கள், சூடு விரலுக்குப் பொறுக்கவில்லை என்றால் உடனே தண்ணீரில் முக்குங்கள். வாய் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது, அவ்வளவு தூரம் தேய்த்துத் தள்ளுவதைத் தவிர வழியில்லை.

யார் கைக்கு?

இதைக் கேட்காமல் பிடியை வடிவமைக்காதீர்கள். எல்லார் கைக்கும் பொருந்துகிற பிடி கடையில் கிடைக்கிறது, நாம் செய்வது ஒருவருடைய கைக்கு. சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, கத்தியின் வாலிலேயே பிடி கனத்துக்குச் சுற்றி, கத்தியைப் புழங்கப்போகிறவர் கையில் கொடுங்கள். வாய்ப்பக்கம் நாலைந்து சுற்று டேப் ஒட்டியிருக்கட்டும். எங்கள் பிளாக்கில் வேலூர்க்கார அக்கா ஒருத்தருக்குச் செய்தபோது, “சும்மா பிடிக்காதீங்க அக்கா, வெண்டைக்காய் நறுக்குற மாதிரி நறுக்குங்க” என்றேன். பலகையில் பத்து தடவை வெட்டிப் பார்த்துவிட்டு, “பின்னாடி பெருசா இருக்குப்பா, சுண்டு விரல் அடங்கல” என்றார். மாவில் பார்த்தால் மூன்று விரல் ஆழமாகப் பதிந்திருந்தது, சுண்டு விரல் இருந்த இடம் வழவழ என்று அப்படியே இருந்தது. பின்பக்கம் மாவைக் கிள்ளி எடுத்து மறுபடி பிடிக்கச் சொன்னேன், நாலு பள்ளமும் ஒரே அளவு விழுந்தது. அந்த மாவைக் காயவிட்டு வெர்னியர் அளவுகோலில் ஒவ்வொரு இடமாக அளந்துகொண்டால் பிடியின் வரைபடம் கையில் வந்துவிட்டது.

அளவு தெரியாமல் ஆரம்பிக்கிறவர்களுக்கு: நீளம் 115 முதல் 120 மி.மீ., கனம் 18 முதல் 20, உயரம் 25 பக்கம். சின்னக் கை என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் குறையுங்கள். விரலுக்கு விரல் பள்ளம் வெட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். வெங்காயம் நறுக்குகிற பிடி வேறு, பூசணிக்காய் பிளக்கிற பிடி வேறு, பள்ளம் வெட்டினால் கை ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஒட்டுவது

ஒட்டுகிற முகம் இரண்டும் தட்டையாக இருக்கணும். கண்ணாடிப் பலகை மேல் 120 எண் உப்புத்தாளை (எண் ஏற ஏறத் தாள் மென்மை) ஒட்டி அதில் கட்டையைத் தேய்த்தால் தட்டையாகும். வால் மேல் வைத்து, பின்னால் மொபைல் டார்ச்சைப் போட்டுப் பாருங்கள், எங்காவது வெளிச்சம் கசிந்தால் மறுபடி தேய்க்கணும். இந்த இடத்தில் அவசரமே கூடாது, நான் முதலில் சொன்ன அந்த மயிரிழை இடைவெளி இங்கேதான் பிறக்கிறது.

ஒரு பக்கக் கட்டையை வாலோடு கிளாம்ப் போட்டு, வாலின் ஓட்டை வழியாகவே கட்டையில் ஓட்டை போடுங்கள். அதில் ஆணியைச் செருகி வைத்துக்கொண்டு மறுபக்கக் கட்டைக்கும் அப்படியே. பிறகு எல்லாவற்றையும் பசை இல்லாமல் ஒரு தடவை கோத்துப் பாருங்கள். ஆணியைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டியிருந்தால் ஓட்டை இறுக்கம், கட்டை பிளக்கும். கையால் தள்ளினால் போகணும்.

கட்டையின் முன்முகம், அதாவது அலகைப் பார்த்து நிற்கிற ஓரம், ஒட்டுவதற்கு முன்பே முழுசாக முடிந்திருக்கணும். இரண்டு கட்டையையும் ஆணியில் சேர்த்துக் கோத்து ஒன்றாகச் சரித்து 600 வரை தேய்த்துவிடுங்கள். ஒட்டினதற்கு அப்புறம் அங்கே உப்புத்தாள் ஓட்டினால் அலகெல்லாம் கீறல்.

வாலின் இரண்டு பக்கத்தையும் 80 உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி அசிட்டோனால் துடையுங்கள், அதன் பிறகு விரல் படக்கூடாது. கட்டையையும் ஆணியையும் துடையுங்கள். அரால்டைட்டில் ஐந்து நிமிஷத்தில் இறுகுகிற வகை வேண்டாம், நிதானமாக இறுகுகிற சாதாரண வகையை எடுத்து இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு பிதுக்கி, நிறம் ஒரே சீராகும் வரை கலக்குங்கள். வாலில், கட்டையில், ஓட்டைக்குள், ஆணி மேல் எல்லா இடத்திலும் பூசிக் கோத்து, கிளாம்பைப் பசை லேசாகப் பிதுங்குகிற அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். முழு பலத்தில் முறுக்கினால் பசை எல்லாம் வெளியே போய், நடுவில் பிடிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. முன்முகத்தில் பிதுங்கினதை அசிட்டோன் தொட்ட பஞ்சுக் குச்சியால் அப்போதே எடுங்கள், இறுகினால் வராது. ஒரு முழு நாள் தொடாதீர்கள். டிசம்பர், ஜனவரி குளிரில் இன்னொரு நாள் சேர்த்து விடுங்கள், குளிரில் இந்தப் பசை மெதுவாகத்தான் இறுகும்.

அதற்கப்புறம் வருவதுதான் இதில் மனசுக்கு மிகவும் பிடித்த வேலை. அலகுக்கு அட்டை உறை போட்டு டேப் சுற்றி வைஸில் பிடித்து, மர அரத்தால் முதலில் எட்டுப் பட்டையாக்குங்கள், பிறகு பட்டைகளை உருட்டிக்கொண்டே வாருங்கள். அடிக்கடி வைஸிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துப் பார்க்கணும். கண்ணுக்குச் சரியாகத் தெரிகிற பிடி கைக்கு உறுத்தும், கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே இன்னும் தேய்க்கணும் என்று விரலே சொல்லும். 120, 220, 400 என்று உப்புத்தாள் ஏற ஏற ரேகை தெளிந்து வரும். 400 முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துக் காயவிடுங்கள், மரத்தின் நார் சிலிர்த்து எழும், மறுபடி 400-ஆல் லேசாகத் தேய்த்தால் அடங்கும். இதைச் செய்யாமல் விட்டால் முதல் தடவை கழுவும்போதே பிடி சொரசொரக்கும். கொம்பு என்றால் 1000, 2000 வரை போகலாம், கடைசியில் மெட்டல் பாலிஷ் தொட்ட துணியால் தேய்த்தால் முகம் தெரியும்.

இந்த வேலை முழுக்க மாஸ்க் கட்டாயம். புளியமரத் தூளும் சரி, கொம்புத் தூளும் சரி, உள்ளே போனால் தொந்தரவுதான், கொம்பு வாடை வேறு வீடெல்லாம் நிற்கும், பால்கனிக் கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள்.

பிடிக்கு எண்ணெய் என்றதும் தேங்காய் எண்ணெயை எடுக்காதீர்கள். அது எந்தக் காலத்திலும் காய்ந்து இறுகாது, நல்லெண்ணெய் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய்தான் காற்றில் பட்டு இறுகும். உணவுப் பக்கம் புழங்குகிற பொருள் என்பதால் பெயின்ட் கடைச் சரக்கைவிட, சமையலுக்கு விற்கிற செக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது, காய வாரக்கணக்கில் ஆகும், ஆகட்டும். துளித் துளியாகத் தேய்த்து, கால் மணி கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடணும். கனமாகப் பூசினால் மேலே ஏடு கட்டும். இப்படி நாலைந்து தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள் விட்டு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள், இந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டின துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துப் போடுங்கள்.

கூர் கடைசியில்தான் போடணும். 1000 எண் தண்ணீர்க் கல், அப்புறம் 3000. ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி என்றால் எப்படி அளப்பது என்று தவிக்கவேண்டாம்: அலகின் உயரம் 40 மி.மீ. என்றால், முதுகு கல்லிலிருந்து 10 மி.மீ. உயரத்தில் நின்றால் அதுதான் 15 டிகிரி. ஒரு பக்கம் தேய்க்க, மறுபக்கம் விரலுக்கு மெல்லிய பிசிறு தட்டுப்பட்டதும் திருப்புங்கள். முடிவில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்தால் பிசிறு போகும். பழுத்த தக்காளியை அழுத்தாமல் இழுத்தால் தோல் விடணும்.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: 9 அங்குல நீளத்துக்கோ 2 அங்குல அகலத்துக்கோ மேற்பட்ட கூர்க்கருவிகள் ஆயுத விதிகளுக்குள் வரும், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதில் சேராது. நம் கத்தி இரண்டு அளவுக்கும் உள்ளேயே இருக்கிறது.

புழக்கத்தில் வந்ததும் எலுமிச்சை, தக்காளி, புளி பட்டால் அலகு சாம்பலும் நீலமுமாக நிறம் மாறும், அது துரு இல்லை, சிவப்பாக வந்தால்தான் துரு. வெட்டி முடித்ததும் கழுவித் துடைத்து வைத்தால் போதும். சிங்க்கில் ஊறப்போடுவதும் டிஷ்வாஷரும் கூடவே கூடாது.

செய்தவரே ஒரு வருஷம் கத்தியைக் கண்ணில் வைத்திருக்கணும். மார்ச்சில் இங்கே காய்ந்த காற்றில் முடித்த கத்தியைச் சென்னைக்கு அத்தை வீட்டுக்குக் கொடுத்தால், கடற்கரை ஈரத்தில் மரம் உப்பி இரும்பைவிடத் துளி மேலே எழும்பும். மழைக்காலத்தில் இங்கே முடித்த பிடியில் பிப்ரவரியில் இரும்பின் ஓரம் விரலைக் கீறும். இரண்டுக்கும் பயப்பட ஒன்றுமில்லை, பசை விட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, 400 உப்புத்தாளை ஒரு சின்னக் கட்டையில் சுற்றி, மரமும் இரும்பும் ஒரே மட்டத்துக்கு வரும் வரை ஓட்டி மறுபடி எண்ணெய் தேய்த்தால் போதும். அதனால் கத்தியைக் கொடுக்கும்போதே, “அடுத்த வருஷம் ஒரு தடவை திருப்பிக் கொடுங்க, பிடியைச் சரிபண்ணித் தர்றேன்” என்று சொல்லிக் கொடுங்கள்.